நீலம் கூடிய தெரு

மருத்துவமனை வாசலில் வண்டிக்காகக் காத்து நின்றபோது கலரக்கா கணவரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணின் மேல் ஒட்டியிருந்த மூடியைச் சற்று முன்னால்தான் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"சட்டை புதுசா?"

"நீ வாங்கிக் குடுத்ததுதான்."

"நான் வாங்கினது சந்தனக் கலர்."

"வாங்கினது வெள்ளை. சந்தனம்னு சொல்லித்தான் குடுத்தே. நானும் சரின்னு போட்டுக்கிட்டேன்."

அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். சந்தனம். இடது கண்ணைப் பொத்தினாள். வெள்ளை, அலசி, உதறி, வெயிலில் போட்ட வெள்ளை. மறுபடி சந்தனம். மறுபடி வெள்ளை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் கண்ணை மாற்றி மாற்றிப் பொத்துவதை விடவில்லை. ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கணவர் முன்னால் குனிந்தார்.

"தம்பி, உங்களப் பாத்துக் கண்ணடிக்கல. ஆபரேஷன்."

"நான் ஒண்ணும் நெனைக்கல சார்," என்றார் ஓட்டுநர். ஆனாலும் அதற்குப் பிறகு சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார்.

கலரக்காவுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அன்று காலை நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரோ எழுந்து போகட்டும் என்று அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் கலரக்காதான். அவளைவிடப் பெரியவர்களுக்கும்.

அவர்களுடையது பெயிண்ட் கடை. பின்பக்கம் கூரைவரை வாளிகள். முன்பக்கம் ஒரு மேசை, அதன்மேல் சாயக் குப்பிகள். மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு முக்காலி. இரண்டு தெரு தள்ளி மெஷின் வைத்த பெரிய கடை இருக்கிறது. அங்கே அட்டையில் நம்பரைத் தொட்டுக் காட்டினால் டப்பா வரும். இங்கே நம்பர் கிடையாது, வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும். மழை விட்டதும் புல்லுக்கு இருக்குமே, அந்தப் பச்சை என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனையின் அடிவயிறு என்பார்கள். ஒருவர் வந்து, மாமியார் ஊருக்குப் போன மறுநாள் மாதிரி ஒரு கலர் வேண்டும் என்றார். கலரக்கா கண்ணை மூடிச் சற்று யோசித்துவிட்டு, லேசான ஆரஞ்சு கலக்கச் சொன்னாள். அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதேதான்" என்று கண்கலங்கினார்.

அவள் கணவரான கடைக்காரர் வெள்ளையில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவார். குச்சியின் நுனியை ஒரு அட்டையில் இழுத்து, ஃபேனுக்கு முன்னால் பிடித்துக் காயவைத்து முக்காலிப் பக்கம் நீட்டுவார். கலரக்கா அதை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்புவாள். "மஞ்சள் ஜாஸ்தி," என்பாள். "உப்புப் போடாத மாதிரி இருக்கு," என்பாள். கடைசியில், "மூடலாம்," என்பாள். அந்தச் சொல் வராமல் எந்த டப்பாவுக்கும் மூடி விழாது.

இது மாமனார் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. கல்யாணமாகி வந்த புதிதில், அவர் கலக்கிய கிரீமைப் பார்த்து, "நனைஞ்ச அட்டப்பெட்டி மாதிரி இருக்கு," என்று வாய்க்குள்தான் சொன்னாள். மாமனாருக்குப் பாம்புக் காது. மகன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கிழவர் அட்டையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, தான் உட்காரும் முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு வாளியை மறுபடி திறந்தார். அன்று உட்கார்ந்தவள்தான்.

வண்டி தெருமுனையில் திரும்பியபோது அவளுடைய சிரிப்பு நின்றது.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றாள்.

பேக்கரி நீலமாக இருந்தது. பளிச்சென்ற நீலம் இல்லை. பாலில் ஒரு சொட்டு மை விழுந்தது போல ஒரு நீலம். வெண்ணெய்க் கலர் என்று அவள் சொல்லி அனுப்பிய சுவர் அது. அதற்கு அடுத்து முடிவெட்டும் கடை, அதுவும் நீலம். எதிர்வரிசையில் வரிசையாக நான்கைந்து வீடுகள், ஒரே குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவை போல. நடுவில் ஒரு வீடு மட்டும் வெதுவெதுப்பான கிரீமில் இருந்தது. அது மெஷின் கடையில் வாங்கியது.

அவள் வலது கண்ணைப் பொத்தினாள். தெரு பழையபடி வெண்ணெயும் தேனுமாக மாறியது. கையை எடுத்தாள். நீலம்.

கண்புரை ஒரே நாளில் வருவதில்லை. வெந்நீரில் டீத்தூளின் சாயம் இறங்குவது போல மெல்ல மெல்ல இறங்கும். உலகம் பழுப்பாகிக்கொண்டே வந்திருக்கிறது. அவளோ அது பெயிண்டில் இருக்கும் பழுப்பு என்று நினைத்திருக்கிறாள். மஞ்சள் ஜாஸ்தி, மஞ்சள் ஜாஸ்தி என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் மஞ்சளைக் குறைத்து நீலத்தைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். யாரும் சொல்லாமலே அவளுக்கு இது புரிந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கி, கடைவரை நடந்தாள்.

"உங்களுக்குத் தெரியலியா?" என்றாள், உள்ளே போனதும்.

"என்னது?"

"தெரு நீலமா இருக்கு!"

கடைக்காரர் வாசலுக்குப் போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

"கொஞ்சம் இருக்கு," என்றார்.

"கலக்கினது நீங்கதானே. கண்ணு எங்க போச்சு?"

"கண்ணு இருந்துது. நீ சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன். ஒண்ணு ரெண்டு பேர் கேட்டாங்க. காஞ்சா சரியாயிடும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"காஞ்சுதா?"

"காஞ்சுது."

"சரியாச்சா?"

கடைக்காரர் குப்பிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

கலரக்கா முக்காலியைத் தூக்கி வாளிகளுக்குப் பின்னால் வைத்தாள். "இனிமே நான் உக்காரல. கண்ணு நம்புற மாதிரி இல்ல. நீங்களே பாத்துக்கங்க," என்றாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது அவர் முக்காலியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். வாடிக்கையாளர்களிடம், அக்காவுக்குக் கண் ஆறட்டும் என்று சொல்லி அனுப்பினார். அவசரம் என்று வந்த ஒருவருக்கு மட்டும், மனதைத் தேற்றிக்கொண்டு, தானாகவே ஒரு மண் கலர் கலக்கினார். தெருவில் வழக்கமாக வேலை செய்யும் பெயின்டர் அதை வாங்கிப் போக வந்தவர், மூடியைத் திறந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அண்ணே, இது செவுத்துக்கா, செருப்புக்கா?"

"ஏம்பா?"

"இல்ல, பாலீஷ் மாதிரி இருக்கு. அக்கா எங்க?"

அக்கா பின்கட்டில் இருந்தாள். அங்கே ஒரு கிளை நிறையச் சிட்டுகள் வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றின் கழுத்தில் இத்தனை பழுப்பு வகைகள் உண்டு என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் வந்த சூட்டோடு, தான் கெடுத்த சுவர்கள் ஞாபகத்துக்கு வந்தன. பெயின்டர் கேட்ட கேள்வியும் அவள் காதில் விழுந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு வீடாகப் போய்த் தன் வாயால் சொல்லிவிடுவது. திட்டினால் வாங்கிக்கொள்வது. முக்காலியில் இனி உட்காரத் தனக்கு முகம் உண்டா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பேக்கரிக்காரர் திட்டவில்லை.

"நீலமா? தெரியுமே," என்றார், தட்டில் பன்களை அடுக்கிக்கொண்டே. "அடிச்ச அன்னிக்கே என் வீட்டுக்காரி சொன்னா. வெண்ணெய் கெட்டுப்போச்சான்னு கேட்டா."

"அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?"

"அண்ணன் காயட்டும்னாரு. காயறதுக்குள்ள பழகிடுச்சு. இப்ப ஈ வர்றதில்ல அக்கா. நீலத்தக் கண்டாலே ஓடிடுதுங்க. மாத்திடாதீங்க."

அவர் சொல்லும்போதே ஒரு ஈ வந்து பன்னில் உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் துணியால் விரட்டிவிட்டு, "இது வெளியூர் ஈ," என்றார்.

முடிவெட்டும் கடைக்காரர் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். நீலச் சுவருக்கு முன்னால் நரைமுடி பளபளவென்று இருக்கிறதாம். வருகிறவர்கள் சாயம் பூசச் சொல்வதை விட்டுவிட்டார்களாம். "அதுல மட்டும்தான் கொஞ்சம் நஷ்டம்," என்றார். கலரக்கா அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். புதுக் கண் எதையும் விட்டுவைக்கவில்லை. "யார் இந்தம்மா?" என்றாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

எதிர் வரிசைக்காரர்களும் இப்படித்தான். ஒருவர் வெயிலுக்கு நல்லது என்றார். ஒருவர் குழந்தை அந்த அறையில்தான் சீக்கிரம் தூங்குகிறது என்றார். ஒரு பெண்மணி, "நீலமா? எங்க?" என்று தன் வீட்டுச் சுவரையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், அந்தம்மாவையும் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் போலிருந்தது. யாருமே ஒரு குறை சொல்லவில்லை என்பது கலரக்காவுக்குப் போகப் போகச் சங்கடமாக இருந்தது.

கடைசியாகப் பாட்டு டீச்சரின் வீடு. டீச்சர் தனியாக இருக்கிறவர். மாலை நேரங்களில் பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொள்ள வருவார்கள். முன்னறைச் சன்னலை ஒட்டி ஒரு பாதாம் மரம். அதன் இலை விழுவதற்கு முதல் நாள் ஒரு மஞ்சளாகும். அந்த மஞ்சள் வேண்டும், மரம் மொட்டையாக நிற்கும் மாதங்களிலும் எனக்கு அது வேண்டும் என்று கேட்டிருந்தார் டீச்சர். தான் கலக்கச் சொன்னதிலேயே உருப்படியான கலர் என்று கலரக்கா நினைத்திருந்தது அதைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்ப? உக்காரு," என்றார் டீச்சர்.

கலரக்கா உட்காரவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். சுவரைப் பார்க்கலாம் என்றால் சுவரையே காணோம். ஒரு பக்கம் திரைச்சீலை. சன்னல் இல்லாத சுவரில் திரைச்சீலை. ஒரு பக்கம் விரித்து மாட்டிய பாய். மிச்ச இடமெல்லாம் காலண்டர்கள், பழைய வருஷத்தவையும் சேர்த்து. அதில் ஒன்று வாஷிங் மெஷின் விளம்பரம். பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள் எல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டி, மரத்தைப் பார்த்தபடி இருந்தன.

"டீச்சர், உங்களுக்கு வாஷிங் மெஷின் அவ்வளவு பிடிக்குமா?"

"படம் நல்லாருக்குல்ல?"

கலரக்கா போய் அந்தக் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இருந்தது மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. அடிபட்ட இடம் ஆறிக்கொண்டு வரும்போது தோலில் தெரியுமே, அந்த நிறம். அவள் காலண்டரை மெதுவாக விட்டாள்.

"இதுக்குள்ளயா இத்தன வருஷம் இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்படிடீ சொல்றது? அடிச்சு முடிச்ச அன்னிக்கு நீ இங்க வந்து நின்னு கை தட்டினே. 'டீச்சர், மரம் உள்ள வந்துடுச்சு'ன்னு குதிச்சே. நான் செவுத்தப் பாத்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். மூஞ்சி நல்லா இருந்துது."

கலரக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் சேந்து என்னைக் கொஞ்சிட்டிருந்திருக்கீங்க," என்றாள். "நான் கிறுக்கச்சி மாதிரி முக்காலியில உக்காந்து தீர்ப்புச் சொல்லிட்டிருந்திருக்கேன்."

"நீ மட்டும் என்ன? எனக்குத் தொண்ட கட்டிப் போய், பிள்ளைங்க ஒருத்தரும் வராம இருந்தப்ப யாரு வந்தா? பாட்டுக் கத்துக்கணும்னு தெனமும் மத்தியானம் கடையப் போட்டுட்டு வந்து உக்காந்தியே. உனக்கென்ன பாட்டு மேல திடீர்னு ஆச?"

"ஆசதான்."

"ஆசயாம். நீ எனக்குத் துணையா வந்தேன்னு எனக்குத் தெரியாதா?" டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "நீ பாடினது ஒரு நாள்கூட ஸ்ருதி சேரல. நான் சொன்னேனா?"

கலரக்கா நிமிர்ந்தாள். "சேரலியா?"

"எங்க சேந்துது? பக்கத்துவீட்டு நாய் கூட எழுந்து வேற வாசலுக்குப் போயிடும்."

"ரொம்ப முன்னேற்றம்னு சொன்னீங்களே டீச்சர்! இவர்கிட்டல்லாம் பாடிக் காட்டியிருக்கேன்!"

"அவர் என்ன சொன்னாரு?"

"நல்லாருக்குன்னாரு."

"அவர் சட்டைக்கே சரின்னு சொல்ற ஆளாச்சே," என்றார் டீச்சர். சட்டைக் கதை ஏற்கெனவே தெருவெல்லாம் பரவியிருந்தது.

முதலில் டீச்சருக்குத்தான் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்து, முடியாமல், முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கலரக்காவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு. இருவரும் மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள். மருந்து விட்ட கண்ணில் நீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நினைத்து மறுபடி சிரித்தார்கள்.

"இப்பச் சொல்லுங்க. மறைக்காமச் சொல்லணும். என் பாட்டு?"

"சகிக்கல."

"இந்தச் செவுரு?"

"அதுவும்தான்."

கலரக்காவுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. காலையிலிருந்து வீடு வீடாகப் போய் அவள் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். கிடைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "நாளைக்கு வர்றேன்," என்று எழுந்தாள். "கலந்து காட்டுவேன். பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லணும். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் போக மாட்டேன். பொய்யா ஒரு சரி வந்துது, இங்கயே உக்காந்து பாடுவேன்."

"ஐயோ," என்றார் டீச்சர்.

மறுநாள் காலை கடைக்காரர் எழுந்து வரும்போது வாசலில் மேசை கிடந்தது, குப்பிகள் ஒரு கூடையில் இருந்தன. முக்காலியைக் கலரக்காவே இடுப்பில் இடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தை, அவள் வரச் சொல்லியிருந்த பெயின்டர் தூக்கினார்.

டீச்சரின் முன்னறையில் திரைச்சீலையை அவிழ்த்து ஒரு சுவரை மட்டும் வெளியே தெரியவிட்டார்கள். கடைக்காரர் கலக்கினார். பெயின்டர் சுவரில் உள்ளங்கை அளவு பூசினார். கலரக்கா முக்காலியில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"டீச்சர்?"

"நல்லா..." என்று ஆரம்பித்தார் டீச்சர். கலரக்கா தொண்டையைச் செருமினாள். "இல்ல இல்ல. வெளுப்பா இருக்கு. ஜுரத்துல எழுந்த மாதிரி."

இன்னொன்று. அது எலுமிச்சம்பழம் என்றார் டீச்சர். இன்னொன்று. அது பள்ளிக்கூட வண்டி. பழக்கமில்லாத வேலை என்பதால் முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னவர், போகப் போகக் குரல் உயர்த்தினார். பிள்ளைகளின் பாட்டில் பிசிறு பிடிக்கும் காது அப்படியே கண்ணுக்கு இறங்கிவிட்டது போலிருந்தது. கலரக்காவும் விடவில்லை. இது சரி என்று அவள் சொல்ல, இல்லை என்று அவர் சொல்ல, கடைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செகப்பு ஒரு சொட்டு," என்றார் டீச்சர்.

"செகப்பு போட்டா ஆரஞ்சாயிடும்."

"மரத்தப் பாரு. செகப்பு இருக்கு."

"நுனியில இருக்கு. நீங்க கேட்டது நுனியா, நடுவா?"

டீச்சர் சன்னலுக்கு வெளியே கையை விட்டு ஓர் இலையைப் பறித்து, வெளிச்சத்தில் பிடித்து யோசித்தார். "நடு. நரம்புக்கும் நரம்புக்கும் இடையில."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"நேத்துத்தானே வாயத் தொறக்கச் சொன்னே!"

பெயின்டர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். "அக்கா, கூலி செவுத்துக்கா, சண்டைக்கா?" என்றார். சுவரெல்லாம் மஞ்சள் திட்டுகள். சிறுத்தை ஒன்று படுத்திருப்பது போலிருந்தது.

கடைசியாகக் கலந்ததைப் பெயின்டர் பூசினார். கலரக்காவுக்கு அது சரியென்று பட்டது; பட்டால் மட்டும் போதாது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. திட்டின் ஓரங்கள் முதலிலும் நடு பிறகுமாகக் காய்ந்தன. டீச்சர் கையிலிருந்த இலையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். எடுத்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். கலரக்கா முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் இலையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனார். சுத்தியலோடு வந்தார். வாஷிங் மெஷினைக் கழற்றி மேசை மேல் போட்டுவிட்டு, அது தொங்கிய ஆணியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்ப ஆரம்பித்தார்.

"குடுங்க டீச்சர், நான் எடுக்கறேன்," என்று பெயின்டர் எழுந்தார்.

"வேணாம். நான் அடிச்சது. நானே எடுக்கறேன்."

அடுத்த காலண்டர், அடுத்த ஆணி. பாய், அதற்கு நான்கு ஆணி. பெயின்டர் பன்னைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"செவுரா இது, சல்லடையா? இத்தன ஓட்டையும் அடைக்கறதுக்கே ஒரு நாள் ஆகும் டீச்சர்."

"ஆகட்டும்," என்றார் டீச்சர், நெம்பிக்கொண்டே. அவர் பிடுங்கிய ஆணிகள் தரையில் உருண்டோடின. கலரக்கா முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஏந்தினாள். டீச்சர் ஒவ்வோர் ஆணியாக அதில் போட்டார்.